காதைப் பிடித்துச் சொன்ன ஏழாம் வாய்ப்பாடு

அந்தப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் உட்கார்ந்துகொள்கிறேன். செங்காட்டுப்புதூர் வரைக்கும்தான். நீங்கள் அதையும் தாண்டிப் போகிறவரா? நல்லதாகப் போயிற்று. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. படித்தவர் என்று பார்த்தாலே தெரிகிறது. வாத்தியார் இல்லையே? இல்லையென்றால் சரி. வாத்தியார் என்றால் நான் நின்றுகொண்டே வந்திருப்பேன்.

முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறதே, அது என் பேத்தி. மகள் வயிற்றுப் பேத்தி. வர்ணிகா என்று பெயர். கால் சும்மா இருக்கிறதா பாருங்கள். பஸ் நின்றாலும் அது நிற்காது. அம்மணி, கையை உள்ளே வை. வெளியே நீட்டாதே.

என் பெயர் ஆறுச்சாமி. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டியில் காய் எண்ணிப் போடுகிற வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. ஏன் முழுதாக இல்லை என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் காலத்தில் கண்ணாடி வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவருடைய கைக்கடிகாரம் காணாமல் போய்விட்டது. வகுப்பில் அத்தனை பேர் இருக்க, அவர் கண் என்மேல் விழுந்தது. "நீதாண்டா. உன்ற முழியே சரியில்லை" என்றார். என் முழி அப்போதும் இப்படித்தான் இருந்தது, இப்போதும் இப்படித்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பிள்ளையார். அதற்கு முன்னால் நிறுத்தி, காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடச் சொன்னார். மணி அடிக்கிறவரைக்கும். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்டுகள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அவருடைய கடிகாரம் அவர் வீட்டிலேயே, அழுக்குச் சட்டைப் பையில் கிடைத்தது. கிடைத்தது என்று ஊர் முழுக்கச் சொன்னார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நானும் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை தம்பி. அவர் செத்தபோது எடுப்புக்குக்கூடப் போனேன். மாலை போட இல்லை. செத்தது உண்மைதானா என்று பார்க்கப் போனேன்.

சரி, அதை விடுங்கள். இது இந்தப் பிள்ளையின் கதை.

எங்கள் ஊரில் ஊராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. பேத்தி அங்கேதான் படித்தாள். ஒன்றிலும் இரண்டிலும் மண்ணாந்தையாக இருந்தாள். என்ன கேட்டாலும் மேலே பார்ப்பாள். மத்தியானம் சத்துணவு சாப்பிட்டதும் எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடும், இவள்தான் முதலில். அமைதியான பள்ளிக்கூடம். அந்த வழியாக சைக்கிளில் போனால் ஒரு சத்தம் கேட்காது. நல்ல ஒழுக்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவதில் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். கோமதிநாயகம் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சின்ன வயசு. காலில் ஓட்டப் பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஷூ. அவர் வந்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒரே கூச்சல். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு எழுத்து எழுதி, பிள்ளைகள் அதன்மேல் தாவித் தாவி வார்த்தை சேர்க்கும். பந்தை ஒருத்தர்மேல் ஒருத்தர் எறிந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லும். மத்தியானம் சாப்பிட்ட கையோடு வேப்பமரத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்துதான் கணக்கு. பள்ளிக்கூடமா, மாட்டுச் சந்தையா என்று டீக்கடையில் நான்தான் முதலில் கேட்டேன்.

அந்த வருஷம் இவளுக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. அதை நான் மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். காய்ச்சல் அடித்தாலும் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அழுவாள். ஒரு நாள் பஸ் போர்டை அவளாகவே படித்தாள். வயசு ஏறினால் புத்தி வரத்தானே செய்யும்? முருங்கைக்கீரை வேறு தினமும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் மண்டியில் லோடு வரவில்லை. சீக்கிரம் கிளம்பினேன். பேத்திக்கு ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பக்கம் போனேன். உள்ளே எட்டிப் பார்த்தேன் தம்பி. வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் வரிசையாக நின்று, கையை மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டு, தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு என்று கத்திக்கொண்டு. முதல் வரிசையில் என் பேத்தி. உட்கார்ந்து எழுகிறாள், உட்கார்ந்து எழுகிறாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இளநீரைப் போட்ட இடம் தெரியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

"ஏனுங்க சார், என்ற பேத்தி என்ன களவாண்டா?"

அவர் திரும்பினார். அப்போதுதான் பார்த்தேன், அவரும் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க அண்ணாச்சி. ஒண்ணும் களவாங்கல. ஏழாம் வாய்ப்பாடு நடக்கு."

"வாய்ப்பாட்டுக்கு எதுக்குக் காது?"

"சாப்பிட்ட நேரம், சும்மா உக்காத்தி வச்சா எல்லாம் ஒறங்கிரும். உடம்பு அசைஞ்சா மனசு முழிச்சிக்கிடும். இது தண்டனை இல்ல அண்ணாச்சி, நானும் போடுதேன் பாருங்க."

சொல்லிவிட்டு ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாத்தியார் பிள்ளையைக் காதைப் பிடிக்க வைத்தால் ஆத்திரம் வரும். வாத்தியாரே காதைப் பிடித்துக்கொண்டு நின்றால்? யார்மேல் ஆத்திரப்படுவது? என்னைக் கேலி செய்கிறார் என்றுதானே அர்த்தம்?

உடம்பு அசைந்தால் மனசு விழிக்குமாம். நான் மண்டியில் நாள் முழுக்க உடம்பை அசைக்கிறேன். எனக்கு என்ன விழித்தது? காய் எண்ணுவது வேறு. அதற்குக் கை போய்க்கொண்டே இருக்க வேண்டும். எடுத்துப் போட, எடுத்துப் போட, வாயில் எண்ணிக்கை தானாக ஓடும். ஒரு நாள் இடுப்பு வலி என்று முதலாளி என்னை நாற்காலியில் உட்கார வைத்து, அடுத்தவன் போடுவதைப் பார்த்து எண்ணச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. எழுந்து போய் நானே மறுபடி போட்டேன், சரியாக வந்தது. அது தொழில் தம்பி. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரமாட்டேன் என்று காலை ஊன்றினாள். "அப்புச்சி, இன்னும் முடியலை. அறுபத்தி மூணுதான் ஆச்சு" என்றாள். நான் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். வாசலில் நின்று, ஊரில் நாலு பேர் பார்க்க, சொன்னேன்: "என்ற உசுரு இருக்கிற வரைக்கும் இந்தக் கேட்டை மிதிக்க மாட்டேன். நீங்களே வந்து கூப்பிட்டாலொழிய மிதிக்க மாட்டேன்." அவர் கேட் வரைக்கும் வந்தார். "புள்ளைய மட்டும் அனுப்பி வைங்க அண்ணாச்சி" என்றார். என்னை வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை.

வீட்டில் மகள் மல்லீஸ்வரி. நார் மில்லுக்குப் போகிறாள், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனுங்கப்பா, உங்க காதும் அவ காதும் ஒண்ணா?"

"எந்தக் காதா இருந்தா என்ன? என்ற வம்சத்துல இனி ஒருத்தர் காதைப் புடிக்கக் கூடாது."

"பிள்ளையார் கோயில்ல புடிக்கறீங்களே."

"பிள்ளையார் கேக்கறதில்லையே அம்மணி, நானாத்தான் புடிக்கிறேன்."

"இந்தப் புள்ளயும் தானாத்தான் புடிக்கிறா. கேட்டுப் பாருங்க."

சின்னப் பிள்ளையிடம் என்ன கேட்பது? நான் கேட்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெயர் வேண்டாம். மாடி, லிஃப்ட், வாசலில் செக்யூரிட்டி. முதல் நாள் ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். அத்தனை பிள்ளைகளும் கை கட்டி, வாயில் விரல் வைத்து, கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது தம்பி. பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறது என்றால் இதுதான். எனக்குக் கிடைக்காதது இதுதான். மல்லீஸ்வரி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். தட்டு வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள்.

பேத்தியும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அடக்கம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பென்சிலைக் கடித்துக் கடித்துத் துப்புவாள். காலையில் வயிற்று வலி என்பாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. ராத்திரி வாய்ப்பாடு கேட்டால் மறுபடி மேலே பார்க்க ஆரம்பித்தாள். டவுன் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். கொதிக்க வைத்த தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்து அனுப்பினேன்.

இன்றைக்குக் காலையில் மண்டிக்குப் போன் வந்தது. உடனே வரச் சொல்லி. பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று லுங்கியோடு ஓடினேன். செக்யூரிட்டி விடமாட்டேன் என்றான். திரும்பி ஓடி, மண்டிப் பையன் ஒருத்தனின் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து உள்ளே போனேன். இதோ, இந்த வேட்டிதான். கரையைப் பாருங்கள், என் கட்சிகூட இல்லை.

பெரிய மேடத்தின் அறை. குளுகுளு என்று இருந்தது. பேத்தி ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க பேத்திக்கு டிசிப்ளினே இல்லை" என்றார் மேடம். "கிளாஸ்ல ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குது. கால ஆட்டிக்கிட்டே இருக்கு. மிஸ் பல தடவை சொல்லிட்டாங்க. இன்னைக்குப் பனிஷ்மென்ட் குடுத்தாங்க."

"என்ன பனிஷ்மென்ட்டுங்க?"

"எல்லார் முன்னாடியும் தோப்புக்கரணம் போடச் சொன்னாங்க."

பாருங்கள் தம்பி, காதைப் பிடிக்கக் கூடாது என்றுதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தேன்.

"போட்டாளா?"

"போட்டா. அதுதான் பிரச்சனை. பிளாக் போர்டு முன்னாடி போய் நின்னு, சிரிச்சுக்கிட்டே போடுது. எண்ணச் சொன்னா எப்படி எண்ணுது தெரியுமா? 'லாபம், ரெண்டு, மூணு'ங்குது. பனிஷ்மென்ட் குடுத்தா லாபமாம்! கிளாஸ் பூரா சிரிக்குது. மிஸ்ஸைக் கிண்டல் பண்றா."

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, மண்டியில் நாங்கள் ஒன்று என்று எண்ணத் தொடங்க மாட்டோம். முதல் காயை எடுத்துப் போடும்போது லாபம் என்போம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. நெல் அளக்கிறவர்களும் அப்படித்தான். இவள் நடக்கப் பழகியபோதே என்னோடு மண்டியில் காய் உருட்டினவள். எதை எண்ணினாலும் லாபம் என்றுதான் ஆரம்பிப்பாள்.

"அது கிண்டல் இல்லீங்க மேடம். எங்க மண்டி வழக்கம்."

"மண்டி வழக்கம் எல்லாம் ஸ்கூல்ல எதுக்கு? அதோட நிறுத்துச்சா? நிறுத்தச் சொன்ன பிறகும் நிறுத்தாம, தோப்புக்கரணம் போட்டுக்கிட்டே ஏழாம் வாய்ப்பாட்டை முழுசா ஒப்பிக்குது. பின் பெஞ்சுல நாலு பிள்ளைங்க அதைப் பார்த்து எந்திரிச்சுப் போட ஆரம்பிச்சுட்டாங்க."

"தப்பில்லாமச் சொன்னாளா?"

"என்ன?"

"ஏழாம் வாய்ப்பாடுங்க. தப்பில்லாமச் சொன்னாளான்னு கேட்டேன்."

"சொன்னா. இப்ப அதுவா விஷயம்?"

எனக்கு அதுதான் விஷயம். இரண்டு மாதமாக ராத்திரியில் வாயைத் திறக்காத பிள்ளை.

மேடம் முடிவாகச் சொன்னார். நாளைக்குக் காலையில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது இவள் முன்னால் வந்து மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூட்டிக்கொண்டு போகலாம்.

நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் என்னிடம் வந்து, மெதுவாக, "அப்புச்சி, அறுபத்தி மூணுக்கு அப்புறம் எழுபதுதான? நான் சரியாத்தான சொன்னேன்? எதுக்குத் திட்டறாங்க?" என்றாள். நான் அவள் காதைப் பார்த்தேன் தம்பி. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சிவக்கவே இல்லை. எனக்கு அன்றைக்கு அந்தப் பிள்ளையார் முன்னால் சிவந்தது, சாயந்திரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூடக் கொதித்துக்கொண்டிருந்தது. இவளுக்கு ஒன்றுமே இல்லை. வெயிலில் விளையாடி வந்த காது மாதிரி சாதாரணமாக இருக்கிறது.

மேடத்திடம் சொன்னேன்: "என்ற பேத்தி யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டா. வாய்ப்பாட்டைச் சரியாச் சொன்னதுக்கு எந்த ஊர்ல மன்னிப்புக் கேக்கறாங்க?" அவர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. புரியாததும் நல்லதுதான், புரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பிள்ளையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். லிஃப்டில்கூட ஏறவில்லை. படியில் நடந்தே இறங்கினோம். அவள் இரண்டு இரண்டு படியாகத் தாவினாள்.

பஸ் ஸ்டாண்டில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "எங்க போகலாம் அம்மணி?" அவள், "கோமதி சார் ஸ்கூல்" என்றாள். யோசிக்கவே இல்லை.

நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் திருநெல்வேலிக்காரர் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பேத்திக்கு அந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேப்பமரக் காற்று. கொஞ்சம் ஆடினால் சொன்னது நிற்கிற மண்டை இவளுக்கு. இவள் அப்பன் வழி அப்படி. எங்கள் வழியில் யாரும் அப்படி இல்லை.

உங்களிடம் ஏன் இவ்வளவும் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? பள்ளிக்கூட ஸ்டாப் வந்துவிடும், அதற்குள் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்தவர், பார்க்க நன்றாக இருக்கிறீர்கள். ஒரு அஞ்சு நிமிஷம் இறங்கி, பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்தச் சாரிடம் விட்டுவிட்டு வருகிறீர்களா? நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். யார் என்று கேட்டால் சொந்தம் என்று சொல்லுங்கள். மற்றதை மல்லீஸ்வரி நாளைக்கு வந்து பேசிக்கொள்வாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் தம்பி, ஊர் கேட்க. மிதிக்க மாட்டேன் என்று சொன்ன கேட்டை எப்படி மிதிப்பது? இன்றைக்கு நான் போய் நின்றால் அந்த ஆள் என்ன நினைப்பார்? ஆறுச்சாமி வந்துவிட்டான், தோற்றுவிட்டான் என்று நினைப்பார். நினைக்க மாட்டார் என்கிறீர்களா? உங்களுக்கு வாத்தியார்களைப் பற்றித் தெரியாது.

ஆகாதா? அடுத்த பஸ் சாயந்திரம்தான் இருக்கிறதா? ஓ. ஆபீஸ் வேலை. சரி, சரி. உங்களைக் குறை சொல்லவில்லை. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. சட்டையைப் பார்த்து மனிதனை எடை போட்டது என் தப்பா, சட்டையின் தப்பா?

இதோ, ஸ்டாப் வந்துவிட்டது. அம்மணி, மெதுவா! பஸ் நிக்கட்டும்! பாருங்கள், கேட்கிறாளா? குதித்துவிட்டாள். பையைக்கூட எடுக்கவில்லை. கேட்டுக்குள் ஓடிவிட்டாள். என் கையைப் பிடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அதோ மரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றன. போய் நடுவில் சொருகிக்கொண்டாள். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, தள்ளி நின்று இடம் விட்டிருக்கிறார்கள்.

வருகிறேனுங்க கண்டக்டர், கத்தாதீர்கள். "பெருசு, எறங்கறீங்களா, இல்ல வண்டியோடயே வர்றீங்களா?" என்று கேட்கிறான் பாருங்கள், பேசத் தெரியாதவன். வயசானவன் இறங்க நேரம் ஆகாதா?

தம்பி, அங்கே பாருங்கள். மரத்தடியில் அந்தச் சார் கையைத் தூக்கினார். பார்த்தீர்களா இல்லையா? என்னைப் பார்த்துத்தான். பிள்ளைகளும் தூக்கியிருக்கின்றனவா? தூக்கட்டும், அவர்கள் பிள்ளைகள், ஏதோ விளையாட்டு. அவர் தூக்கியது என்னைக் கூப்பிடுவதற்கு. இரண்டு கையையும் தூக்கிக் கூப்பிடுகிறார். இனிமேல் என்ன வேண்டும்? நீங்கள் சாட்சி. நாளைக்கு யாராவது ஆறுச்சாமி தானாகப் போனான் என்று சொன்னால், இல்லை, வாத்தியார் கூப்பிட்டார், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளையின் பையை எடுத்துக் கொடுங்கள். இத்தனை தூரம் கூப்பிடுகிறார், போகாமல் நின்றால் மரியாதையாக இருக்காது.